காஸ் லேக் வனத்துறை அலுவலகம்: முழுத்தடியில் எழுந்த அரசாங்கக் கட்டடம்

கேள்வி இது: அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் காஸ் லேக் என்று ஒரு சின்ன ஊர். அங்கே வனத்துறையின் தலைமை அலுவலகம் பெரிய மரவீடு மாதிரி நிற்கிறது. 1930களில் கட்டியதாம். செங்கல்லும் கான்கிரீட்டும் புழக்கத்துக்கு வந்துவிட்ட காலத்தில் அரசாங்கம் ஏன் முழு மரத்தடியை அடுக்கிக் கட்டியது? காசு இல்லாமலா? காட்டைக் காக்க வேண்டிய துறையே மரம் வெட்டிக் கட்டியது சரியா?

காசுப் பஞ்சம்தான் காரணம். ஆனால் மலிவாக முடிக்க நினைத்து இப்படிக் கட்டவில்லை. கூலிக்கு ஆள் ஏராளமாகக் கிடைத்த காலத்தில் மட்டும் கட்ட முடிகிற, உழைப்பை வாரி விழுங்குகிற கட்டடம் இது. பார்க்க எளிமையாகத் தெரிவதால் பலரும் இதைச் சிக்கனம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

முதலில் கட்டடத்தைப் பற்றி. அது சிப்பெவா தேசியக் காட்டின் மேற்பார்வையாளர் அலுவலகம். மூன்று தளம். 1935, 36 வாக்கில் எழுந்தது. சிசிசி என்று சுருக்கமாகச் சொல்லப்பட்ட சிவிலியன் கன்சர்வேஷன் கோர் இளைஞர்களும், டபிள்யூபிஏ என்ற இன்னொரு வேலைவாய்ப்புத் திட்டத்தின் ஆட்களும் சேர்ந்து கட்டினார்கள். சுவர் முழுக்கச் செம்பைன். காஸ் ஏரிக்குள் இருக்கும் ஸ்டார் தீவிலும், லிடிக் ஏரிப் பக்கத்திலும் வெட்டி எடுத்த தடிகள். நடுக்கூடத்தில், பனிப்பாறைக் காலத்தில் உருண்டு வந்து கிடந்த பாறைகளை அடுக்கிக் கட்டிய கணப்பு, புகைபோக்கியோடு சேர்த்துச் சுமார் 50 அடி உயரம். 1976ல் நாட்டின் வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்த்தார்கள். காட்சிப் பொருளாக ஒதுக்காமல் அலுவலகமாகவே வைத்திருக்கிறார்கள்.

இனி காசு விஷயம். 1933ல் ரூஸ்வெல்ட் பதவிக்கு வந்தபோது அமெரிக்காவில் உழைக்கிறவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. வந்த முதல் மாதத்திலேயே சிசிசி சட்டம் நிறைவேறியது. கல்யாணம் ஆகாத இளைஞர்களை முகாமில் தங்கவைத்து, சாப்பாடும் உடுப்பும் கொடுத்து, காட்டு வேலை வாங்குவதுதான் திட்டம். மாதம் 30 டாலர் சம்பளம். அதில் 25 டாலர் வரை நேராக வீட்டுக்குப் போய்விடும், பையன் கைக்கு வருவது ஐந்து டாலர். 1942ல் திட்டம் மூடப்படுவதற்குள் சுமார் 30 லட்சம் பேர் இப்படி முகாம் வாழ்க்கை வாழ்ந்துவிட்டார்கள்.

இந்தத் திட்டத்தை நடத்துகிற அதிகாரி இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். கூலி கொடுக்கத்தான் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள், சாமான் வாங்கக் கிடைப்பது கொஞ்சம்தான். செங்கல்லில் கட்டினால் பணம் எங்கோ இருக்கிற சூளைக்காரருக்குப் போகும். எஃகும் சிமென்ட்டும் வாங்கினால் ஆலைக்குப் போகும். பக்கத்துக் காட்டில் மரம் வெட்டி, ஏரிக்கரைப் பாறையைப் பொறுக்கிக் கட்டினால் கிட்டத்தட்ட எல்லாமே கூலியாகவே போய்ச் சேரும். ஒரு தடியைத் தோல் உரித்துப் பொளி வெட்டிப் பொருத்த நாள்கணக்கில் ஆகிறதா? ரொம்ப நல்லது, ஆகட்டும். வழக்கமாக ஒப்பந்ததாரருக்கு நஷ்டம் தருகிற அதே தாமதம், இந்தத் திட்டத்துக்கு லாபம்.

சந்தேகம் இருந்தால் ராபிடோ முகாமைப் பாருங்கள். அதே சிப்பெவா காட்டுக்குள், பிளாக்டக் ஊருக்குத் தெற்கே, சிசிசி பையன்கள் தங்கிய முகாம். பெரும்பாலும் அழிந்துபோன இத்தகைய முகாம்களில் தப்பிப் பிழைத்த மிகச் சிலவற்றில் இது ஒன்று, 2006ல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். அங்கே முழுத்தடி இல்லை, பாறைச் சுவர் இல்லை. பலகையும் சட்டமும் அடித்து அவசரமாக எழுப்பிய கொட்டகைகள். சில வருடம் நின்றால் போதும் என்று கட்டியவை. அதே காலம், அதே காடு. அவசரத்துக்கும் சிக்கனத்துக்கும் கட்டினால் எப்படி இருக்கும் என்று அந்தக் கொட்டகைகள் காட்டுகின்றன. அலுவலகத்தின் தடிச்சுவர் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்த தோற்றம்.

அந்தச் சுவரைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். எனக்கு இதில்தான் ருசி அதிகம்.

சினிமாவில் பார்க்கிற அமெரிக்க மரக்குடிலில் தடிக்கும் தடிக்கும் நடுவே சந்து இருக்கும், அதில் களிமண்ணோ சாந்தோ பூசி அடைத்திருப்பார்கள். வெள்ளைக் கோடு கோடாகத் தெரியும். காஸ் லேக் சுவரில் அந்தக் கோடு கிடையாது. இது பின்லாந்து முறை. மேலே வரும் தடியைக் கீழ்த்தடியின் மேல் தற்காலிகமாக உட்காரவைத்து, இரண்டு முள் கொண்ட கவராயம் மாதிரி ஒரு கருவியைச் சந்து நெடுக இழுத்துக்கொண்டே போவார்கள். ஒரு முள் கீழ்த்தடியின் மேடுபள்ளத்தைத் தடவிக்கொண்டு போகும், இன்னொரு முள் அதே வளைவை மேல்தடியில் கீறிக்கொண்டு போகும். கணுவோ புடைப்போ எதுவும் தப்பாது. பிறகு தடியைப் புரட்டிப் போட்டு, இரண்டு பக்கக் கீறலுக்கும் நடுவே அடிவயிற்றை நீளவாக்கில் குடைந்து எடுக்க வேண்டும். திரும்பத் தூக்கி வைத்தால் கீழ்த்தடியின் முதுகு மேல்தடியின் பள்ளத்தில் போய் அமரும். உள்ளே பாசியோ நாரோ திணித்தால் காற்று புகாது. மழைத் தண்ணீரும் மேல்தடியின் விளிம்பில் இறங்கிக் கீழே சொட்டிவிடும், இணைப்புக்குள் தங்காது.

ஒரு தடிக்கு இவ்வளவு. மூன்று தளத்துக்கு எத்தனை தடி என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் குறைந்தது இரண்டு தடவை தூக்கி இறக்க வேண்டும். அந்தப் பள்ளத்தை வாச்சியால் செதுக்குகிறபோது கை தவறி ஆழம் கூடிவிட்டால் தடியே வீண்.

இதற்குச் செம்பைன் தோதான மரம். மினசோட்டாவில் பலர் இதை நார்வே பைன் என்பார்கள். பெயரில் நார்வே இருந்தாலும் வட அமெரிக்காவுக்கே உரிய மரம், பிற்பாடு 1953ல் மாநில மரமாகவும் ஆனது. நெட்டுக்குத்தாக வளரும். அடர்ந்த தோப்பில் கீழ்க்கிளைகள் தாமாக உதிர்ந்துவிடும், அடிமரத்துக்கும் நுனிக்கும் பருமன் வித்தியாசம் அதிகம் இருக்காது. அடுக்குகிறவனுக்கு அதுதான் வேண்டும்.

முழுத்தடிச் சுவரில் இன்னொரு வில்லங்கம் உண்டு. மரம் காயும்போது நீளத்தில் குறையாது, குறுக்கில்தான் சுருங்கும். நெட்டாக நிறுத்திய தூண் அப்படியே நிற்கும், படுக்கவைத்து அடுக்கிய சுவர் வருடக்கணக்கில் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். பச்சை மரமாக இருந்தால் ஒரு தளத்து உயரத்துக்குச் சில அங்குலம் வரை போகும். இது தெரியாமல் ஜன்னல் சட்டத்தை இறுக்கி அடித்தால், சுவர் இறங்கிக் கண்ணாடியை நொறுக்கிவிடும். அதனால் ஜன்னலுக்கும் கதவுக்கும் மேலே இடைவெளி விட்டு, அதைப் பட்டைப் பலகையால் மறைத்துவிடுவது வழக்கம். சுவர் இறங்குகிறது, நடுவில் நிற்கும் கல் புகைபோக்கி இறங்காது. மரமும் கல்லும் உரசாமல் நழுவும்படி தளத்தையும் கூரையையும் புகைபோக்கியைச் சுற்றித் தளர்த்தி விட வேண்டும், அந்தத் தளர்ச்சி வழியாக மழையும் ஒழுகக் கூடாது. 50 அடிப் புகைபோக்கியை நட்டநடுவில் வைத்துக்கொண்டு மூன்று தளம் தடி அடுக்கியவர்களின் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்.

சரி, ஊரிலிருந்து வந்த வேலையில்லாப் பையன்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது? தெரியாதுதான். சிசிசியில் உள்ளூர்க் கைத்தேர்ச்சி உள்ளவர்களைத் தனியாகக் கூலிக்கு எடுக்க விதி இருந்தது. வயது வரம்பு கிடையாது, கல்யாணம் ஆகியிருந்தாலும் பரவாயில்லை. மரவேலைக்காரர், கல்வேலைக்காரர், பழைய மரவெட்டிகள் எல்லாம் இந்த வழியில்தான் முகாமுக்குள் வந்தார்கள். வட மினசோட்டாவில் பின்லாந்துக்காரர்கள் நிறையக் குடியேறியிருந்தார்கள், அவர்கள் கட்டிய சவுனா என்ற நீராவிக் குளியல் குடில்களும் களஞ்சியங்களும் அங்கே கண்ணெதிரே நின்றன. எனவே அந்தப் பாணி எங்கிருந்து வந்தது என்று ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

முழுத்தடியும் கரட்டுக் கல்லுமாகக் கட்டுகிற இந்த ரஸ்டிக் பாணி பழைய வனக்காவலர் குடில்களின் நேர் வாரிசு என்று பலர் எழுதுகிறார்கள். பாதிதான் உண்மை. குடில்கள் இருந்தன. 1899ல் மொன்டானாவில் இரண்டு வனக்காவலர்கள் தங்கள் சொந்தக் காசைப் போட்டு ஆல்ட்டா என்ற இடத்தில் ஓர் ஒற்றை அறைக் குடில் கட்டினார்கள், மேலே மண் கூரை. அது இன்னும் இருக்கிறது. அரசாங்கப் பணத்தில் முதலில் எழுந்த நிலையம் வயோமிங்கில் உள்ள வாபிட்டி, 1903. இவையெல்லாம் வேறு வழியில்லாமல் கட்டியவை. கையில் கோடாரி, சுற்றிலும் மரம், அவ்வளவுதான்.

அழகுக்காக முழுத்தடியில் கட்டும் வழக்கம் வந்த பாதை வேறு. 1870களின் கடைசியில் நியூயார்க் மாநிலத்து அடிரோண்டாக் மலைகளில் வில்லியம் வெஸ்ட் டுரண்ட் பணக்காரர்களுக்கான கோடை மாளிகைகளை மரப்பட்டையோடும் வளைந்த கிளைகளோடும் கட்ட ஆரம்பித்தார். 1904ல் யெல்லோஸ்டோனில் ஓல்ட் ஃபெய்த்ஃபுல் இன் திறந்தது. ரயில்வே தொடர்பு உள்ள பணம், ராபர்ட் ரீமர் என்ற இளம் கட்டடக் கலைஞர், உள்ளே பல தளம் உயரத்துக்கு நிற்கும் கல் கணப்பு. காஸ் லேக் கணப்பின் மூதாதையரைத் தேடினால் ஆல்ட்டா குடிலைவிட இந்த ஹோட்டலிடம்தான் போக வேண்டும். கோடீசுவரர்களின் விளையாட்டாக இருந்த பாணியைத் தேசியப் பூங்காத் துறை 1920களில் தன் அதிகாரப்பூர்வ முகமாக ஆக்கிக்கொண்டது. வனத்துறை 1930களில் அதன் பின்னால் வந்தது. டபிள்யூ. எல்லிஸ் க்ரோபன் என்ற ஆலோசகக் கட்டடக் கலைஞரை வைத்துக்கொண்டு, அந்தந்த வட்டாரத்தின் மண்ணுக்கும் மரத்துக்கும் பொருந்தக் கட்டச் சொன்னார்கள். அதனால்தான் ஆரிகன், வாஷிங்டன் பக்கத்து அலுவலகங்களின் ஜன்னல் கதவில் பைன் மர உருவம் வெட்டியிருக்கும், தென்மேற்கில் மண்சுவர்ச் சாயல் இருக்கும்.

பூங்காத் துறையும் வனத்துறையும் ஒன்று என்று நினைத்துவிட வேண்டாம். பூங்காத் துறை உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருவது. வனத்துறை 1905லிருந்து விவசாயத் துறையின் கீழ் இருக்கிறது, மரம் வளர்த்து வெட்டி விற்பதும் அதன் வேலையில் சேர்த்தி. அதன் முதல் தலைவர் கிஃபோர்ட் பின்சோ. அவருக்கு வழிகாட்டியவர் ஜெர்மானியரான டீட்ரிச் பிராண்டிஸ், பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைமை ஆய்வாளர். சென்னை மாகாணத்துக்கு வந்து வனத்துறையைச் சீரமைக்க ஆலோசனை சொன்னவரும் இவரே, 1882ன் மெட்ராஸ் வனச் சட்டத்தில் அவருடைய கை உண்டு. அப்படிப் பார்த்தால் காஸ் லேக் அலுவலகமும் நம் ஊர் ரேஞ்சர் ஆபீசும் தூரத்துப் பங்காளிகள்.

அப்புறம் அந்த இரண்டாவது கேள்வி, மரம் வெட்டிக் கட்டலாமா என்பது. மேலே சொன்ன மாதிரி, மரம் வெட்டுவது இந்தத் துறைக்கு என்றுமே பாவமாக இருந்ததில்லை. திட்டமில்லாமல் வெட்டுவதுதான் கூடாது என்பார்கள். ஆனால் காஸ் லேக்கில் கதை அதைவிடச் சிக்கல். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ன் தொடக்கத்திலும் வட மினசோட்டாவின் பைன் காடு ஏறக்குறைய மொட்டையடிக்கப்பட்டது. மிச்சத்தைக் காக்கச் சொல்லி மாநிலத்தின் மாதர் சங்கங்கள் வருடக்கணக்கில் போராடின. 1902ல் மோரிஸ் சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி பைன் மரங்களில் நூற்றுக்கு ஐந்தை மட்டும் விதை மரமாக விட்டுவிட்டு மீதியை வெட்டலாம்! குறிப்பிட்ட சில பகுதிகளையும் ஏரித் தீவுகளையும் தொடக்கூடாது. 1908ல் மினசோட்டா தேசியக் காடு என்று முறைப்படி அறிவித்தார்கள், விதை மரப் பங்கு பத்தாக ஏறியது. சிப்பெவா என்று பெயர் மாறியது 1928ல்.

ஆக, அலுவலகம் எழுந்த 1935ல் சுற்றுவட்டாரத்தில் பெருமரம் அரிது. அதே சிசிசி பையன்கள் வெட்டவெளியில் பைன் கன்று நட்டுக்கொண்டிருந்தார்கள். போன காட்டின் பெருமையைச் சுவராக நிறுத்திவிட்டு, வரப்போகும் காட்டுக்கு வெளியே குழி தோண்டினார்கள். இதில் கொஞ்சம் நடிப்பு இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. அழிந்ததை அழகுபடுத்திக் காட்டுவது. ஆனால் ஒரு கட்டடத்துக்கு வெட்டிய மரம், ஆலைகளுக்குப் போன மரத்தின் முன்னால் ஒன்றுமே இல்லை. அதை வைத்துத் துறையைக் குற்றம் சொல்ல முடியாது.

குற்றம் சொல்ல வேண்டிய இடம் வேறு, நிலம். சிப்பெவா என்பது ஓஜிப்வே மக்களுக்கு வெளியார் வழங்கிய இன்னொரு பெயர். லீச் லேக் ஓஜிப்வேக்களின் ஒதுக்கீட்டு நிலத்தில் பெரும்பகுதி இந்தக் காட்டின் எல்லைக்குள்ளேயே ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கிறது. அலுவலகம் நிற்கும் காஸ் லேக் ஊரிலேயே அவர்களுடைய பழங்குடி அரசின் தலைமையகமும் இருக்கிறது. ஆயிரம் பேர்கூடத் தேறாத ஊரில் இரண்டு அரசாங்கத் தலைமையகம். 1889ன் நெல்சன் சட்டம் தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாக வந்த சட்டங்கள் அவர்கள் கையிலிருந்து காட்டை நகர்த்தின. 1940, 50களில் உள்துறை, உரிமையாளர்களின் முறையான சம்மதம் இல்லாமலே, ஓஜிப்வேக்களுக்கு ஆளுக்கு ஆள் ஒதுக்கியிருந்த நிலங்களை மாற்றிக்கொடுத்தது, அவை தேசியக் காட்டில் சேர்ந்துகொண்டன. இப்படிப் போனவற்றில் சுமார் 11,760 ஏக்கரைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லும் சட்டம் 2020 டிசம்பரில் கையெழுத்தானது. எழுபது வருடத்துக்குப் பிறகாவது வந்ததே என்று சொல்லிக்கொள்ளலாம். கட்டடத்தின் தடி வேலையைப் பாராட்டிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியோடு தாண்டிவிடுவது எனக்குப் பிடிப்பதில்லை.

பராமரிப்பைப் பற்றியும் கேட்பீர்கள். முழுத்தடிக் கட்டடத்துக்கு எதிரி தீயைவிட ஈரம்தான். அடித்தடி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தடிமுனை, ஜன்னலுக்குக் கீழே வரும் தடி, இந்த மூன்றும்தான் முதலில் உளுக்கும். அதனால்தான் இந்தப் பாணியில் அஸ்திவாரக் கல்லை உயர்த்தி வைப்பார்கள், இறவாணத்தை நன்றாக நீட்டிவிடுவார்கள். உளுத்த தடியை மாற்றுவது என்றால் மேலே உள்ள சுவரை முட்டுக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, நடுவிலிருந்து உருவி, அதே வளைவுக்கு இன்னொன்றைக் குடைந்து சொருக வேண்டும். இன்றைய கூலிக்கு அது யானை கட்டித் தீனி போடுகிற கதை. மருந்தடித்துக் காப்பதிலும் ஆபத்து உண்டு. இதே காஸ் லேக்கில் 1950களிலிருந்து 1980கள் வரை கம்பங்களுக்கு மருந்து ஏற்றுகிற ஆலை ஓடியது. கிரியோசோட், பென்டாகுளோரோபினால் என்ற அந்த நச்சு மருந்துகள் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் இறங்கி, 1984ல் அந்த இடம் மத்திய அரசின் நச்சுக்கழிவு இடங்கள் பட்டியலில் ஏறியது.

1942ல் போருக்கு ஆள் தேவைப்பட்டதும் சிசிசி கலைந்தது. போருக்குப் பிறகு கட்டிய வனத்துறை அலுவலகங்களில் இந்த வேலை கிடையாது. ரசனை மாறிவிட்டது என்று சிலர் சொல்வார்கள். கூலி ஏறிவிட்டது, அதுதான் பெரிய காரணம்.

அந்தப் பக்கம் போக வாய்ப்புக் கிடைத்தால் வார நாளில் போங்கள், அலுவல் நேரம் இருக்கும். கூடத்தில் கணப்பை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், வெளிச்சுவரில் இரண்டு தடி சேரும் இடத்தில் விரலை வைத்துப் பாருங்கள், ஜன்னலுக்கு மேலே இருக்கிற பலகையையும் கவனியுங்கள். நேரம் இருந்தால் ராபிடோ முகாமையும் அதே நாளில் பார்த்துவிடலாம். முழு வளர்ச்சியில் செம்பைன் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமானால் இன்னும் வடக்கே லாஸ்ட் ஃபார்ட்டி என்ற தோப்புக்குப் போக வேண்டும். 1882ல் நில அளவைக்காரர்கள் அந்த 144 ஏக்கரைத் தவறுதலாக ஏரி என்று வரைபடத்தில் குறித்துவிட்டார்கள், அதனால் மரவெட்டிகள் யாரும் அந்தப் பக்கம் போகவே இல்லை.